ரங்கூன் வீடு – 12: உத்தரவே இல்லாத வெளியேற்றம்

சென்ற வாரம் 1942இல் நிறுத்தியிருந்தோம். ஜப்பானியர் குண்டு வீசத் தொடங்கியதும் பர்மாவை விட்டு இந்தியாவை நோக்கி நடந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் அதிகம். அராக்கான் மலைகளிலும் மணிப்பூர்ப் பாதையிலும் பசிக்கும் காலராவுக்கும் பல்லாயிரம் பேர் பலியானார்கள். எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நடந்து வந்தார்.

போர் முடிந்தது. பிழைத்து வந்தவர்களில் கணிசமானோர் மறுபடியும் கப்பலேறி ரங்கூனுக்கே போனார்கள். பட்டது போதாதா, எதற்காகப் போனார்கள் என்று கேட்டு முடித்திருந்தோம்.

வீடு அங்கே இருந்தது. அதனால் போனார்கள்.

அந்த வீட்டை அவர்கள் எப்படி இழந்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை. இந்த முறை குண்டு விழவில்லை. கலகக் கூட்டம் தெருவில் இறங்கி வீடுகளுக்குத் தீ வைக்கவில்லை. இந்தியர்கள் எல்லாரும் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று பர்மிய அரசு ஒரு பொது உத்தரவைக்கூடப் பிறப்பிக்கவில்லை. ஆனாலும் 1964இல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் இருந்த தமிழர்கள் மிகப் பலர் கரையிறங்கிய இடம், ராயபுரத்தை ஒட்டித் தெற்கே கிடக்கும் நம் சென்னைத் துறைமுகம்.

* * *

நகரத்தில் பாதி

1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரங்கூனில் இருந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். அதில் 2,12,000க்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். அதாவது நகரத்தில் பாதிக்கும் மேல். பர்மா முழுவதிலும் சேர்த்தால் 10 லட்சத்தைத் தாண்டும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலையில் நெல் குத்தியவர்கள், ரயில்வேயிலும் தபால் துறையிலும் குமாஸ்தாக்கள், தையல்காரர்கள், துணிக்கடைக்காரர்கள், டீக்கடைக்காரர்கள், வட்டிக்கடைச் செட்டியார்கள். தமிழர்கள் 1871இல் கட்டிய காளி கோயில் இன்றும் நகரத்தின் நடுவில் கோபுரத்தோடு நிற்கிறது. தமிழ் முஸ்லிம்களான சூலியாக்களுக்குத் தனிப் பள்ளிவாசல் உண்டு. தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இருந்தன, தமிழ்ப் பத்திரிகைகள் இருந்தன. ‘பராசக்தி’ படத்தின் கதை ரங்கூனில் தொடங்குவதை 1952இல் யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. ரங்கூனில் அண்ணனோ மாமனோ இல்லாத குடும்பத்தைத் தேடவேண்டிய ஊர்கள் தஞ்சையிலும் ராமநாதபுரத்திலும் நிறைய இருந்தன.

ஒன்றை இங்கே சொல்லாமல் போனால் 1964ஐ நேர்மையாக எழுத முடியாது. பர்மியர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை படுத்தது. கடன் வாங்கிய உழவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. 1938இல் அதே மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில். சொந்த வயலிலேயே குத்தகைக்காரனாகிப்போன பர்மிய உழவனின் வயிற்றெரிச்சலை நாம் புரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் கோபம் யார் தலையில் விழுந்தது? 1930 மே மாதக் கலவரத்தில் வெட்டுப்பட்டவர்கள் துறைமுகக் கூலிகள். 1938 ஜூலையிலும் தெருவில் அகப்பட்டவர்கள் ஏழைகள். நாம் இன்று பேசப்போகும் 1964இலும் அப்படித்தான். செட்டியார்களின் நிலங்கள் 1948ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் கீழ் ஏற்கனவே அரசின் கைக்குப் போகத் தொடங்கியிருந்தன. வசதி உள்ளவர்களில் பலர் அப்போதே ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சி நின்றவர்கள் போக வேறு இடம் இல்லாதவர்கள். அங்கே பிறந்து, அங்கே கல்யாணம் கட்டி, சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு கடையோ வீடோ வாங்கியவர்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு இருந்தது அப்பா சொன்ன ஊர்ப் பெயர் மட்டும்.

* * *

சட்டைப்பையில் ஓர் அட்டை

1948 ஜனவரி 4. பர்மா விடுதலை பெற்றது. புதிய அரசியல் சட்டம் இந்தியர்களுக்கு ஒரு கதவைத் திறந்துதான் வைத்தது. 1942க்கு முந்தைய பத்து ஆண்டுகளிலோ 1948க்கு முந்தைய பத்து ஆண்டுகளிலோ எட்டு ஆண்டுகள் பர்மாவில் வாழ்ந்திருந்து, இனியும் இங்கேயே இருப்பேன் என்று விரும்பினால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. எட்டு ஆண்டு வாழ்ந்ததற்கு அத்தாட்சி என்ன? 1942இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டு வழியில் ஓடியவன் வாடகை ரசீதை எடுத்துக்கொண்டா ஓடினான்? படிக்காத கூலிக்காரனுக்கு விண்ணப்பம் எழுதித் தருவது யார்? தயங்கியவர்கள் பலர். விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் பலர். இந்தியாவா பர்மாவா என்று முடிவெடுக்க முடியாமல் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களும் உண்டு.

விளைவு, பிறந்த ஊரிலேயே அவர்கள் அந்நியர்களானார்கள். அந்நியர் பதிவு அட்டை வந்தது. கட்டணம் கட்டி அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். வெளியே போகும்போது கையில் இருக்கவேண்டும். 1947இலேயே இயற்றப்பட்ட குடிவரவு அவசரச் சட்டம் சந்தேகத்தின் பேரில் ஒருவரைப் பிடியாணை இல்லாமல் கைது செய்யும் அதிகாரத்தைத் தந்திருந்தது. அதே ஆண்டின் இன்னொரு சட்டம் அந்நியருக்கு வீடோ நிலமோ விற்பதைத் தடுத்தது.

அட்டையைக் காட்டு என்று தெருவில் ஒரு போலீஸ்காரர் கேட்டால், முப்பது வருஷமாக அதே தெருவில் கடை வைத்திருப்பவரும் நின்று சட்டைப்பையைத் துழாவவேண்டும். வீடு சொந்தமாக இருந்தது. அந்த வீட்டில் இருக்கும் உரிமை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படவேண்டியதாக இருந்தது.

இவ்வளவுக்கு நடுவிலும் 1950கள் முழுக்க அவர்களால் அங்கே வாழ முடிந்தது. எப்படி? இதற்கான பதிலை 1964ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாகச் சொல்வதில்லை. என் கணிப்பில் இந்தக் கதையின் அச்சாணியே அதுதான்.

பர்மாவில் ஒரு உச்ச நீதிமன்றம் இருந்தது.

* * *

கேட்பதற்கு ஓர் இடம்

1947இல் இயற்றப்பட்ட அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஆட்கொணர்வு உள்ளிட்ட நீதிப் பேராணைகளைப் பிறப்பிக்கும் அதிகாரத்தை அந்த நீதிமன்றத்துக்குத் தந்திருந்தது. நாடெங்கும் உள்நாட்டுப் போர் நடந்த அந்தக் காலத்திலும் நீதிபதிகள் அந்த அதிகாரத்தைத் தயங்காமல் கையில் எடுத்தார்கள். போலீஸ் ஒருவரை அடைத்து வைத்தால் காரணத்தைச் சொல் என்றார்கள். காரணம் சரியில்லை என்றால் விட்டுவிடு என்றார்கள்.

1959இல் ஒரு வழக்கு. குடிவரவுத் துறை சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள் என்று சொல்லி அராக்கான் பகுதி முஸ்லிம்கள் சிலரைப் பிடித்து நாடு கடத்தப் பார்த்தது. இவர்களுக்குப் பர்மிய மொழி பேச வரவில்லை, நடை உடை எல்லாம் வேறு என்பது துறையின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பல இனத்தார் வாழும் நாடு இது, மொழியும் தோற்றமும் வேறாக இருப்பதை வைத்து ஒருவர் குடிமகன் இல்லை என்று முடிவு கட்ட முடியாது என்ற நிலையை எடுத்து அவர்களை விடுவித்தது.

எண்ணிப் பாருங்கள். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் ரங்கூன் போலீஸ்காரருக்குப் பிடியாணை இல்லாமல் பிடிக்கும் அதிகாரம் இருந்தது. ஆனால் பிடித்த பிறகு ஒருவருக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. ஒரு டீக்கடைக்காரர் அந்த நீதிமன்றத்தின் படியை ஒருநாளும் மிதிக்காமலே போயிருக்கலாம். அது அங்கே இருந்ததே அவருடைய கதவுக்குத் தாழ்ப்பாளாக இருந்தது.

1962 மார்ச் 2, வெள்ளிக்கிழமை விடியற்காலை. ஜெனரல் நே வின்னின் படைகள் ரங்கூனுக்குள் நகர்ந்தன. பிரதமர் ஊ நூ கைதானார். ஜனாதிபதியும் அமைச்சர்களும் கைதானார்கள். அந்தப் பட்டியலில் இன்னொரு பெயர் இருந்தது: தலைமை நீதிபதி ஊ மியின் தெயின். ராணுவம் அவரை விசாரணையின்றிப் பல ஆண்டுகள் காவலில் வைத்தது.

அந்த மாதம் முடிவதற்குள் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் கலைக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் நே வின்னின் புரட்சிக் கவுன்சில் தனக்குத் தோதான ஒரு நீதிமன்றத்தை அமைத்தது.

இந்தியர் தெருக்களில் அந்த நாட்களிலும் கடைகள் திறந்திருந்தன. வியாபாரம் நடந்தது. பாராளுமன்றம் போனதைப் பற்றிப் பேசியவர்கள் இருந்திருப்பார்கள். நீதிமன்றம் போனது தங்கள் வீட்டுக்கு வந்த ஆபத்து என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? அதே ஆண்டு ஜூலை 7இல் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் மீது ராணுவம் சுட்டது. மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தது. பர்மியப் பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால், சட்டைப்பையில் அந்நியர் அட்டை வைத்திருப்பவன் எங்கே போய் முறையிடுவது?

* * *

ஒரு வியாழக்கிழமை

1963 பிப்ரவரி 23: தனியார் வங்கிகள் அனைத்தும் தேசியமயம். பணம் போட்டவரின் கணக்கு அப்போதே அரசின் பார்வைக்குள் போய்விட்டது.

1964 மார்ச் 19, வியாழக்கிழமை. ரங்கூனின் கடைகள்.

மொத்த வியாபாரம், பெரிய கடைகள், கிடங்குகள் என்று தொடங்கி அரசு எடுத்துக்கொண்டது. சீருடை அணிந்தவர்களும் அதிகாரிகளும் கடைக்குள் வந்தார்கள். சரக்கைக் கணக்கெடுத்தார்கள். சாவி கைமாறியது. முதலாளியின் பெயர் எழுதிய பலகையின் இடத்தில் மக்கள் கடை என்றும் அதற்கு ஒரு எண்ணும் வந்தன. ஏப்ரல் 9இல் இதே நடவடிக்கை மற்ற ஊர்களுக்கும் நீண்டது.

பர்மிய வழிச் சோஷலிசம் என்ற கொள்கையின் பெயரால் இது நடந்தது. சட்டத்தின் எழுத்தில் இந்தியர் என்ற சொல்லே இல்லை. சீனர் கடைகளும் போயின. பர்மியர் கடைகளும் போயின. எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று ரங்கூன் சொன்னது. எழுத்தளவில் அது உண்மையும்கூட.

ஆனால் கடையை இழந்த பர்மியருக்கு நாடு இருந்தது. அரசு வேலை கேட்கலாம், கிராமத்துக்குப் போய் உழலாம். அந்நியர் அட்டைக்காரருக்கு இரண்டு வழியும் அடைப்பு. கடை போன அன்றே பிழைப்பு போயிற்று. பிழைப்பு போனால் அட்டையைப் புதுப்பிக்கப் பணம் ஏது? அட்டை இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும். பிடித்தால் கேட்க நீதிமன்றம் இல்லை. ஒரு சட்டத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் இந்த வெளியேற்றம் கண்ணுக்குத் தெரியாது. 1947, 1948, 1962, 1964 ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நான்கு சுவரும் சேர்ந்து நிற்பது தெரியும்.

கடை போனாலும் பெட்டியில் கொஞ்சம் பணம் இருந்தது. வங்கியை நம்பாமல் வீட்டில் வைத்திருந்த பணம்.

மே 17, ஞாயிற்றுக்கிழமை. 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. ஒப்படைத்தால் வரம்புக்கு உட்பட்ட தொகைதான் திரும்பக் கிடைக்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில், மகள் கல்யாணத்துக்கு என்று தலையணைக்குள் வைத்துத் தைத்த பணம் வெறும் காகிதமாயிற்று. பதுக்கல்காரர்களை ஒடுக்கவே இது என்றது அரசு. 2016 நவம்பரில் வங்கி வாசலில் நின்ற நம் தலைமுறைக்கு அந்த வரிசையைப் பற்றி அதிகம் விளக்கவேண்டியதில்லை. நமக்கு நோட்டு மாற்றிக்கொள்ள நாள் கொடுத்தார்கள். நாளைக்கும் நம் வீடு நம்முடையது என்ற நிச்சயமும் இருந்தது.

இன்னும் பத்தே நாள். மே 27இல் டெல்லியில் நேரு காலமானார்.

* * *

டெல்லி என்ன செய்தது?

இந்திய அரசின் நிலை இதுதான்: தேசியமயமாக்குவது பர்மாவின் உரிமை, அதில் நாம் தலையிட முடியாது, நியாயமான இழப்பீடு மட்டும் கேட்போம்.

இதற்குப் பின்னால் கணக்கு இருந்தது. 1962 போரில் சீனாவிடம் அடி வாங்கியிருந்த நேரம். பர்மாவும் பீக்கிங் பக்கம் சாய்ந்துவிடக்கூடாது. ரங்கூனுடன் முறைத்துக்கொள்ள டெல்லிக்கு மனமில்லை. ஜூன் 9இல் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். செப்டம்பரில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் ரங்கூன் போய்ப் பேசினார். மறு ஆண்டு நே வின் டெல்லிக்கு வந்து விருந்தினராகத் தங்கிப் போனார்.

பேச்சுகளில் முன்னேறிய ஒரே விஷயம் ஆட்களை அழைத்து வருவதற்கான கப்பலும் விமானமும். அதையும் குறைவாகச் சொல்லக்கூடாது. கையில் காசில்லாமல் தவித்த குடும்பங்களுக்கு அந்தக் கப்பல்தான் உயிர். ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் வங்கிப் பணத்துக்குமான இழப்பீடு பேச்சிலேயே இருந்தது, பேச்சாகவே போயிற்று.

அதே 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவுடன் ஓர் ஒப்பந்தம் போட்டார். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவானது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரே ஆண்டுக்குள் வங்கக் கடலின் இரு பக்கத்திலும் தமிழர் வீடுகள் கணக்கில் கழிக்கப்பட்டன. அப்போது சென்னை மாநில முதலமைச்சர் பக்தவத்சலம். அரிசிக்குத் தட்டுப்பாடு. கப்பல் கப்பலாக ஆட்கள்.

இங்கே கொழும்பிலிருந்து பிற்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லவேண்டும். 2007 ஜூன் 7 அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களின் விடுதிகளுக்குள் போலீஸ் நுழைந்தது. கொழும்பில் தங்கச் சரியான காரணம் இல்லை என்று சொல்லித் தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பியது. 376 பேர். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான மையம் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட்டது. அன்றே இடைக்காலத் தடை வந்தது. அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். உள்நாட்டுப் போர் உச்சத்தை நெருங்கிய நேரத்தில், தமிழர்களுக்கு அந்த அரசிடம் எந்த நம்பிக்கையும் மிச்சமில்லாத நேரத்தில், ஒரு நீதிமன்ற உத்தரவு பேருந்துகளை நிறுத்தியது.

ரங்கூனில் 1964இல் அப்படி ஒரு கதவைத் தட்ட வழியில்லை. அது இரண்டு ஆண்டுக்கு முன்பே பூட்டப்பட்டிருந்தது.

* * *

சுங்கக் கொட்டகை

போவதற்கும் அனுமதி வேண்டும். வரி பாக்கி இல்லை என்று சான்று, அட்டையை ஒப்படைத்ததற்குச் சான்று, தூதரகத்தில் பதிவு. வீட்டை விற்க முடியாது. வாங்க ஆளில்லை, வாங்கினாலும் பணத்தைக் கொண்டுபோக முடியாது. பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுப் பர்மியரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் துறைமுகம் வரை வந்து அழுதார்கள் என்பதையும் வந்தவர்கள் மறக்காமல் சொல்லியிருக்கிறார்கள். விரட்டியது அரசு. அக்கம்பக்கத்தார் விரட்டவில்லை.

கப்பல் ஏறுமுன் சுங்கச் சோதனை. கொண்டுபோகும் பணத்துக்கும் நகைக்கும் கடுமையான வரம்பு. வடசென்னையின் பர்மாக் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும் இந்த இடத்தில்தான் குரல் மாறும். காதில் இருந்ததைக் கழற்றச் சொன்னார்கள். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். தாலியில் கை வைத்தார்கள். மஞ்சள் கயிற்றோடு கப்பலேறிய பெண்கள் எத்தனை பேர் என்று எந்த அரசும் கணக்கு எடுக்கவில்லை.

கணவன் உயிரோடு இருக்கும்போது தாலியை ஒரு சுங்க அதிகாரியின் மேஜையில் கழற்றி வைப்பது என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. பறிபோன சொத்தின் மதிப்பை ரூபாயில் எழுதிய மனுக்கள் உண்டு. இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

* * *

கரை

சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களில் பலருக்கு அதுவே முதல் இந்தியா. பெயர், எண்ணிக்கை, சொந்த ஊர் கேட்டுப் பதிந்தார்கள். முகாம்களுக்கு அனுப்பினார்கள். சிறுதொழில் கடன், வீட்டுக் கடன் என்று திட்டங்கள் வந்தன. திருச்சி, மதுரை, தஞ்சை என்று பல ஊர்களில் பர்மா காலனிகள் முளைத்தன.

ஆனால் துறைமுகத்தை விட்டு நகராதவர்கள் ஏராளம். ரங்கூனும் துறைமுகம்தான், மூட்டை தூக்கவும் கப்பல் சரக்கு விற்கவும் தெரிந்தவர்களுக்கு இந்தக் கரை பழகிய கரை. வடக்கே திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அசோக் லேலண்ட், என்ஃபீல்டு என்று தொழிற்சாலைகள் நின்றன. மணலியில் உர ஆலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் வந்துகொண்டிருந்தன. வியாசர்பாடியின் பக்தவத்சலம் காலனியிலும் எண்ணூரின் பர்மா நகரிலும் அவர்கள் வீடு போட்டார்கள். ரங்கூனில் மாடி வீட்டில் இருந்தவர்கள் இங்கே ஓலைக்கூரையில் தொடங்கினார்கள். நடைபாதையில் வெளிநாட்டுச் சாமான் விற்றவர்களுக்குக் கடற்கரை ரயில் நிலையத்தின் மதிலையொட்டி 1969இல் பர்மா பஜார் உருவானது. அதே ஆண்டு அவர்களைப் போலத் தாயகம் திரும்பியவர்களுக்கென்றே ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது.

மாலை நேரத்தில் பர்மா பஜாருக்குப் பின்னால் உள்ள தெருக்களில் நின்று பாருங்கள். பெரிய தட்டில் மஞ்சள் நூடுல்ஸ். அதன் மேல் சீவிய முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ வறுவல். கையாலேயே பிசைந்து கிண்ணத்தில் போட்டுத் தருவார்கள். பக்கத்துப் பானையில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். அத்தோ என்று கேட்டு வாங்கும் பையன்களில் பாதிப் பேருக்கு இது எந்த ஊர்ச் சாப்பாடு என்று தெரியாது. சுங்கக் கொட்டகையில் கழற்றி வாங்க முடியாத ஒரே சொத்து இந்தக் கைப்பக்குவம்.

ஆனால் நம் கதை பஜாரில் முடிவதில்லை.

முகாம்களில் இருந்தவர்களில் சிலரால் இங்கே ஒட்ட முடியவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. உதவித்தொகை போதவில்லை. சொந்த ஊர் என்று போன கிராமத்தில் பங்காளிகள் முகம் கொடுக்கவில்லை. பிள்ளைகள் தமிழைவிடப் பர்மியம் நன்றாகப் பேசினார்கள்.

அவர்களில் ஒரு கூட்டம் வடக்கே ரயில் ஏறியது. கல்கத்தா, அஸ்ஸாம் வழியாக மணிப்பூர். இம்பாலைத் தாண்டினால் மோரே என்ற எல்லைச் சிற்றூர். ஓர் ஓடையைக் கடந்தால் பர்மாவின் தமு. 1942இல் அவர்களுடைய பெற்றோர் உயிர் பிழைக்க இந்தியாவுக்குள் நடந்து வந்த அதே பாதையில், எதிர்த்திசையில், பர்மாவுக்குள் நடந்தே போய்விடலாம் என்று இவர்கள் கிளம்பினார்கள். கையில் பாஸ்போர்ட் இல்லை. பர்மிய அட்டையை ரங்கூனிலேயே ஒப்படைத்தாயிற்று.

எல்லைக்கு அந்தப் பக்கம் பர்மிய ராணுவம் காவல் நின்றது. இந்தப் பக்கம் இந்திய அரசின் பதிவேட்டில் இவர்கள் சென்னை மாநிலத்தில் மறுவாழ்வு பெற்றுவிட்ட குடும்பங்கள்.

இன்று மோரேயில் ஒரு அங்காளபரமேஸ்வரி கோயில் நிற்கிறது. அப்படியானால் அவர்கள் எல்லையைக் கடந்தார்களா, கடக்கவிடாமல் தடுக்கப்பட்டார்களா? ரங்கூன் வீட்டின் கதவை மறுபடி தட்டியவர் அவர்களில் ஒருவராவது உண்டா?

(அடுத்த வாரம்: மோரே)